மாஸ்டரா, மொபைலா? வாத்தியம் கற்க இறங்குபவர்களுக்கு

கீபோர்டோ கிடாரோ வீட்டுக்கு வந்த மறுநாளே இந்தக் கேள்வி வந்துவிடும். கிளாஸில் சேர்வதா, யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்வதா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதற்கு ஒரு வாலும் உண்டு: சேரலாம்தான், ஆனால் நம்ம ஊரில் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? ஓசூர்க்காரருக்குப் பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். அஞ்செட்டியிலோ தீர்த்தமலைப் பக்கமோ இருப்பவருக்கு வயலின் வாத்தியாரைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

பெரும்பாலும் இந்த முடிவைக் காசை வைத்து எடுக்கிறார்கள். காசு மூன்றாவது கணக்கு. முதல் கணக்கு வாத்தியம், இரண்டாவது தூரம். உங்கள் தவறு உங்கள் காதுக்கும் கண்ணுக்கும் தெரிகிற வாத்தியமா, தெரியாத வாத்தியமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தெரிந்தால் தனியாகத் தொடங்கலாம். தெரியாவிட்டால், தெரிகிற ஒருவர் எதிரில் உட்கார வேண்டும்.

வாத்தியம் என்ன சொல்கிறது

கீபோர்டு, ஹார்மோனியம் இரண்டிலும் சுரம் தயாராக இருக்கிறது. கட்டையை அழுத்தினால் யார் அழுத்தினாலும் அதே சுரம்தான். கிடாரிலும் யுகுலேலேயிலும் கம்பியைச் சுருதி சேர்த்துவிட்டால் ஃப்ரெட் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மீதியைப் பார்த்துக்கொள்ளும். இந்த நான்கையும் மூன்று மாதம் தனியாகத் தொடங்குவதில் பெரிய ஆபத்தில்லை. வருகிற கெடுதல் விரல் பழக்கத்தில்தான் வரும். அதற்கான மருந்தைப் பின்னால் சொல்கிறோம்.

வயலின் வேறு சாதி. அதில் ஃப்ரெட் இல்லை, சுரத்தின் இடத்தை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் வில். வில் குதிரைக்கு (கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) இணையாக, குதிரைக்கும் விரல்பலகையின் முடிவுக்கும் நடுவே ஓட வேண்டும். வாசிப்பவர் கண்ணிலிருந்து பார்த்தால், கோணலாக ஓடுகிற வில்லும் நேராக ஓடுவதுபோலவே தெரியும். பார்வைக் கோணம் அப்படி. வில் நுனிக்குப் போகும்போது முழங்கை பின்னால் இழுத்துக்கொள்ளும், வில் வழுக்கி விரல்பலகை மேல் ஏறும், நாதம் போய் ஊதல் மாதிரி ஒரு பிசிறு வரும். கற்பவர் உடனே 'இன்னும் அழுத்த வேண்டும் போல' என்று நினைத்துக் கட்டைவிரலை இறுக்குவார். இறுக்கியதும் கிறீச். இரண்டு மாதம் இப்படியே போனால் கட்டைவிரல் வளையாமல் கம்பிபோல நிற்கப் பழகிவிடும். அதைத் திருத்த எடுக்கிற நேரம், முதலிலிருந்து கற்கிற நேரத்தைவிட அதிகம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் இதை இரண்டாம் நிமிடத்திலேயே பார்த்துவிடுவார். எனவே வயலினுக்கு முதல் ஆறு மாதம் நேரில் வாத்தியார் வேண்டும். பேரம் இல்லை.

(வயலின் புதிதாக வாங்கி, சத்தமே வரவில்லை என்று கடையோடு சண்டைக்குப் போகிறவர்களுக்கு: புது வில்லில் ரோசின், அதாவது வில் ரோமம் கம்பியைப் பிடிக்கத் தடவும் பிசின், இருக்காது. ரோசின் கட்டியின் பளபளப்பான மேற்பரப்பை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டி, வில் ரோமத்தின் முழு நீளத்துக்கும் இருபது முப்பது தடவை தேய்த்துவிட்டுப் பாருங்கள். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் மூன்று நான்கு இழுப்பு போதும். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி வையுங்கள்.)

புல்லாங்குழலில் முதல் இரண்டு வாரம் காற்றோடுதான் போராட்டம். எந்தத் துளையும் மூடாமல் ஒரே சுரத்தை நீளமாக ஊத வராதவர் பாட்டுக்குப் போகக்கூடாது. தலை சுற்றினால் நிறுத்தி இரண்டு நிமிடம் கழித்துத் தொடருங்கள். தேவைக்கு மேல் காற்றைக் கொட்டுகிறீர்கள் என்று அர்த்தம். இதில் தனியாகக் கற்பவர்கள் விழுகிற குழி ஒன்று உண்டு. ஆன்லைனில் 'புல்லாங்குழல்' என்று தேடி வாங்கினால் பெரும்பாலும் ஆறு விரல் துளையுள்ள இந்துஸ்தானி பான்சுரிதான் வந்து சேரும். கர்நாடகக் குழலில் விரல் துளை எட்டு, அதில் ஏழைப் பயன்படுத்துவோம். மேலிருந்து இரண்டு துளை மூடினால் 'ச'. பான்சுரியில் மூன்று மூடினால்தான் 'ச'. கையில் பான்சுரியை வைத்துக்கொண்டு தமிழ் யூடியூபில் சரளி வரிசை (கர்நாடக இசையின் முதல் சுரப் பயிற்சி) பார்த்தால் எதுவும் ஒத்துவராது, 'எனக்கு இசை ஞானமே இல்லை' என்று குழலைப் பரண்மேல் போட்டுவிடுவார்கள். ஞானத்தில் குறையில்லை, குழல்தான் மாறிவிட்டது. வாங்குவதற்கு முன் துளையை எண்ணுங்கள். கடையில் கட்டைக் கணக்கில், அதாவது சுருதியின் எண்ணில், கேட்பார்கள்: 1 கட்டை என்றால் சி, 3 கட்டை ஈ, 5 கட்டை ஜி. சிறுவர் விரலுக்கு 5 கட்டை எட்டும். கட்டை குறையக் குறையக் குழல் நீளும், துளைகளின் இடைவெளியும் கூடும்.

மிருதங்கம், தபேலா, தவில் மூன்றும் குருவில்லாமல் நடக்காது. 'நம்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: மோதிர விரல் கரணையின் (நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) ஓரத்தில் பட்டும் படாமல் இருக்க, ஆள்காட்டி விரல் மீட்டுத்தோலில் (ஓரத்துத் தோல்) விழுந்து உடனே எழ வேண்டும். மோதிர விரல் கொஞ்சம் அழுந்தினாலும் நாதம் செத்து 'டக்' என்று மரத்தில் தட்டியதுபோல் கேட்கும். வீடியோவில் எல்லாரும் ஒரே மாதிரி அடிப்பதாகத்தான் தெரியும். போதாததற்கு, மிருதங்கத்தின் தொப்பியில் (இடது பக்கம்) ரவை ஒட்டுவதும், புள்ளும் (மரக்குச்சி) கல்லும் வைத்துத் தட்டிச் சுருதி சேர்ப்பதும் பக்கத்தில் இருந்து கைப்பழக்கமாக வாங்க வேண்டியவை.

நாதசுரமும் அப்படித்தான். சீவாளியை (வாயில் வைத்து ஊதும் பகுதி) உதட்டில் எவ்வளவு பிடிப்பது என்பதை எந்த வீடியோவும் சொல்லாது. நம் பக்கத்துக்கே உரிய பம்பை, பறை, தெருக்கூத்து மத்தளம், முகவீணை ஆகியவற்றுக்குக் 'கிளாஸ்' என்ற ஏற்பாடே குறைவு. அவற்றைக் குழுவோடு சேர்ந்துதான் கற்க முடியும். பாரதக்கூத்து நடக்கிற ஊரில் கூத்து வாத்தியாரைப் பகலில் போய்ப் பார்த்துக் கேளுங்கள். இரவு ஆட்டம் தொடங்கும் நேரத்தில் யாரும் பேச மாட்டார்கள்.

தூரமும் நிமிடக் கணக்கும்

மாதக் கட்டணத்தை ஒப்பிடாதீர்கள். மாதத்துக்கு எத்தனை நிமிடம் உங்கள் கையை மாஸ்டர் பார்க்கிறார் என்பதை ஒப்பிடுங்கள். ஒரு மணி நேரக் குழு கிளாஸில் எட்டுப் பேர் இருந்தால் தலைக்கு ஏழரை நிமிடத்துக்கு மேல் தேறாது. மாதம் எட்டு கிளாஸ் என்றாலும் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாது. அதுவே தனி கிளாஸ், முக்கால் மணி நேரம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றால் மாதம் ஒன்றரை மணி நேரம் முழுதாக உங்களுக்கே. கட்டணம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பின்னதுதான் லாபம். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் குழு நல்லது. பக்கத்தில் இன்னொருவன் வாசிக்கிறான் என்ற ரோஷமே பாதி வேலையைச் செய்துவிடும்.

பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கோ, ஊத்தங்கரையிலிருந்து கிருஷ்ணகிரிக்கோ வாரம் மூன்று முறை அரை மணி நேர கிளாஸுக்கு பஸ் ஏறுவது இரண்டாம் மாதமே நின்றுவிடும். மாஸ்டரிடம் முதலிலேயே பேசி, சனி அல்லது ஞாயிறு ஒரே நீள கிளாஸாக மாற்றிக்கொள்ளுங்கள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. ஆனால் கிடார் பையோடு காலை எட்டரை மணிக் கூட்டத்தில் ஏறினால் கழுத்துப் பகுதி தப்பாது. பதினொரு மணிக்கு மேல் கிளாஸ் கேளுங்கள்.

நேரம் இருக்கிறவர்களுக்கு ஒரு நல்ல வழி அரசு இசைப் பள்ளி. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் இயங்கும் மாவட்ட அரசு இசைப் பள்ளி கிருஷ்ணகிரியில் இருக்கிறது. இத்தகைய பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவுகள். மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. கீபோர்டு, கிடார் கிடையாது. கட்டணம் தனியார் கிளாஸோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. சேர்க்கை ஆண்டுக்கு ஒருமுறை என்பதால் கோடை விடுமுறையிலேயே நேரில் போய் வயது வரம்பு, வகுப்பு நேரம் இரண்டையும் விசாரியுங்கள். நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம் நான்கில் ஏதாவது ஒன்றை விரும்புகிறவர் வேறு இடம் தேடும் முன் இங்கே கேட்டுவிட வேண்டும்.

மாஸ்டரைப் பார்க்கப் போகும்போது

ஒரு சோதனை கிளாஸ் கேளுங்கள். பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டி ஏமாறுவதைவிட அது மலிவு. அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் பிள்ளை என்ன வாசித்தான் என்பதைப் பார்க்காதீர்கள். மாஸ்டர் எங்கே பார்க்கிறார் என்பதைப் பாருங்கள். நல்லவர் பிள்ளையின் மணிக்கட்டையும் தோளையும் பார்ப்பார். வாசிப்பை நடுவில் நிறுத்தி, ஒரே ஒரு விஷயத்தைத் திருத்தி, அதையே நான்கு முறை வாசிக்கச் சொல்வார். மொபைலைப் பார்த்தபடி 'ம், அடுத்தது' என்பவரிடம் கற்பதும் யூடியூபில் கற்பதும் ஒன்றுதான். யூடியூப் இலவசம்.

கேட்க வேண்டிய கேள்விகள் கொஞ்சம்தான். உங்கள் முதன்மை வாத்தியம் எது? கீபோர்டு, கிடார், வயலின், டிரம்ஸ், பாட்டு, நடனம் எல்லாம் ஒருவரே சொல்லித்தருகிறார் என்றால், அவருக்குக் கைவந்தது எது என்று தெரிந்துகொண்டு அதற்கு மட்டும் போங்கள். ஒரு நேரத்தில் எத்தனை பேர்? நாங்கள் வர முடியாத நாளுக்கு, நீங்கள் வர முடியாத நாளுக்கு என்ன ஏற்பாடு? தேர்வுக்குத் தயார் செய்கிறீர்களா? டிரினிட்டி (லண்டன் டிரினிட்டி கல்லூரியின் மேற்கத்திய இசைத் தேர்வு) தேர்வில் இனிஷியலில் தொடங்கி எட்டு கிரேடு வரை உண்டு. கிரேடு ஓட்டத்தில் ஆண்டுக்கு மூன்று பாட்டு மட்டும் மனப்பாடம் செய்து, நான்காவது பாட்டை வாசிக்கத் தெரியாமல் நிற்கிற பிள்ளைகள் நிறைய. தேர்வு தப்பில்லை, தேர்வு மட்டுமே கிளாஸாக இருந்தால் தப்பு.

முதல் நாளே சினிமாப் பாட்டு சொல்லித்தருகிறவரைவிட, கர்நாடக வழியில் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசையைத் தொடங்கி மூன்று காலமும் (வேகமும்) வாசிக்க வைப்பவர் உங்களுக்குச் சலிப்பாகத் தெரியலாம். சலிப்பானவரையே பிடித்துக்கொள்ளுங்கள். 'வாத்தியத்தை என்னிடம்தான் வாங்க வேண்டும்' என்பவரிடம் கடை விலையை விசாரித்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

தனியாகத் தொடங்குவதென்றால்: முதல் பன்னிரண்டு வாரம்

ஒரே ஒரு பாடத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துச் சேனல் பார்ப்பவர் பத்து முதல் பாடம் கற்பார், இரண்டாம் பாடத்துக்கு வரவே மாட்டார். மொபைலில் தேவை இரண்டு ஆப்: சுருதி சரியா என்று காட்டும் ஒரு டியூனர், சீராகத் தட்டு கொடுக்கும் ஒரு மெட்ரோனோம். கர்நாடகம் என்றால் கூடவே தம்பூரா ஆப். இவை இலவசமாகவே கிடைக்கும்.

கீபோர்டு வாங்கும்போது 61 கட்டை, சாதாரண அகலம், தொடு உணர்வு உள்ளது என்று கேட்டு வாங்குங்கள். 44 கட்டை குட்டிக் கீபோர்டில் பழகிய விரல் பெரிய கட்டைக்கு வந்ததும் தடுமாறும். கட்டிலில் வைத்து வாசிக்காதீர்கள். முழங்கை கட்டையின் உயரத்தில் இருக்க வேண்டும். கட்டில் தாழ்வு, மணிக்கட்டு மடங்கும், மூன்றாம் வாரம் வலிக்கும். வலது கையில் சி ஸ்கேல்: கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5 என்று எண்ணினால் 1-2-3-1-2-3-4-5. மூன்றுக்குப் பிறகு கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைந்து 'எஃப்' கட்டைக்குப் போக வேண்டும். தனியாகக் கற்பவர் தொண்ணூறு சதவீதம் பேர் என்று சொல்லத் தோன்றுகிறது, எண்ணிப் பார்த்ததில்லை: அவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். இரண்டே விரலில் பாட்டு முழுவதையும் வாசித்துவிடுவார்கள், வேகம் கூடியதும் மாட்டிக்கொள்வார்கள். மாயாமாளவகௌளை வேண்டுமென்றால் சி, சி ஷார்ப், ஈ, எஃப், ஜி, ஜி ஷார்ப், பி, மேல் சி. சுருதியை மாற்றித்தரும் டிரான்ஸ்போஸ் பொத்தானை முதல் ஆறு மாதம் தொடாதீர்கள். அது பழகிவிட்டால் சி தவிர வேறு சுருதியில் விரல் போகாது. கோயிலிலோ சர்ச்சிலோ யாராவது வேறு கட்டையில் பாடத் தொடங்கும்போது கை பொத்தானைத் தேடும்.

கிடாரில் ஆறாவது கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. புதுக் கம்பி ஒரு வாரம் சுருதியில் இறங்கிக்கொண்டே இருக்கும், பழுதில்லை. தினமும் டியூனரில் சரிசெய்யுங்கள். வாங்கும்போதே ஸ்கேல் வைத்து பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாவது கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. மூன்றைத் தாண்டினால் விரல் வலிக்கும், கற்பவர் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு விட்டுவிடுவார். கடைக்காரரிடம் இறக்கித் தரச் சொல்லுங்கள்.

முதல் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) ஈ மைனர்: ஐந்தாவது, நான்காவது கம்பிகளின் இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரலும் மோதிர விரலும். கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டுங்கள். 'ர்ர்ர்' என்று அதிர்ந்தால் விரல் ஃப்ரெட்டிலிருந்து பின்தங்கியிருக்கிறது, ஃப்ரெட்டை ஒட்டி அதன் பின்னால் நகர்த்துங்கள். சத்தமே இல்லாமல் 'தப்' என்றால் பக்கத்து விரல் கம்பியைத் தொடுகிறது, விரல் கணுவை நிமிர்த்துங்கள். அடுத்து ஜி, சி, டி. நான்காம் வாரத்திலிருந்து ஒரு பயிற்சி: ஒரு நிமிடம் டைமர் வைத்து ஈ மைனர், ஜி இரண்டுக்கும் இடையே எத்தனை முறை மாறுகிறீர்கள் என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். முப்பது தாண்டும்வரை பாட்டு வேண்டாம்.

எந்த வாத்தியமானாலும் மெட்ரோனோம் 60இல் (நிமிடத்துக்கு 60 தட்டு) தொடங்குங்கள். முதல் காலம் தட்டுக்கு ஒரு சுரம், இரண்டாம் காலம் இரண்டு, மூன்றாம் காலம் நான்கு. தொடர்ந்து ஐந்து முறை பிசகாமல் வந்தால் 64க்கு ஏற்றுங்கள். தினம் இருபத்தைந்து நிமிடம் போதும், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்ட முடியாது.

இனி, முன்பு சொன்ன மருந்து. ஞாயிறுதோறும் மொபைலைக் கை தெரிகிற மாதிரி ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தி, அந்த வாரப் பாடத்தை இரண்டு நிமிடம் வீடியோ எடுங்கள். அன்று பார்க்காதீர்கள். மறுநாள், பாடத் தொடரின் ஆசிரியர் கையையும் உங்கள் கையையும் சத்தத்தை அணைத்துவிட்டு மாறி மாறிப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தம் மட்டும். கண்ணும் காதும் ஒன்றாக வேலை செய்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். ஒரே தவறு மூன்று ஞாயிறு தொடர்ந்து வந்தால், அல்லது மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி இருந்தால், அதைத் தனியாகத் தீர்க்க முடியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நுனி எரிச்சல் கணக்கில்லை, கிடாரில் அது மூன்று வாரத்தில் காய்த்துவிடும்.

நடுவழி

பலருக்கும் பொருந்துவது இதுதான்: தினப் பயிற்சி தனியாக, திருத்தம் மாஸ்டரிடம், மாதம் இரண்டு முறை. 'மாதம் இரண்டு கிளாஸ் மட்டும் வருகிறேன், அந்த இரண்டுக்கும் தனி கிளாஸ் கட்டணம் தருகிறேன்' என்று வெளிப்படையாகக் கேட்டால் ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வயலின், மிருதங்கத்துக்கு மட்டும் முதல் ஆறு மாதம் வாரம் ஒன்றாவது வேண்டும், அதன்பிறகு இந்த ஏற்பாட்டுக்கு வரலாம்.

ஆன்லைன் கிளாஸ் என்றால் இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்க முடியாது. சத்தம் போய்ச் சேர எடுக்கிற கணநேரத்திலேயே தாளம் நழுவிவிடும். ஒருவர் வாசிக்க ஒருவர் கேட்பதுதான் வழி. ஜூமில் நீளமான சுரம் பாதியில் தேய்ந்து காணாமல் போகிறதே என்று மாஸ்டர் சொன்னால் உங்கள் வாசிப்பில் குறையில்லை. இரைச்சல் என்று நினைத்து ஜூம் அதை அழிக்கிறது. ஆடியோ அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதை இயக்குங்கள். கேமராவைக் கீபோர்டுக்கு மேலிருந்து இரண்டு கையும் தெரிய வையுங்கள், வயலினுக்கு வலப்பக்கத்திலிருந்து வில் முழுவதும் தெரிய வேண்டும். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் மலைப் பக்கம் சிக்னல் நிற்காது. அங்கே நேரலையை விட்டுவிட்டு, வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பித் திருத்தம் வாங்குங்கள். பல நேரம் அது நேரலையைவிட நன்றாகவே வேலை செய்கிறது, மாஸ்டர் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ வந்ததும் கிளாஸை நிறுத்துவது நம் ஊர் வழக்கம். நிறுத்தினாலும் தினம் பத்து நிமிடம் கை வாத்தியத்தில் இருக்கட்டும். மாங்காய்ப் பருவ வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடாரையோ வயலினையோ விட்டுவைக்காதீர்கள், பசை இளகிக் கிடாரில் குதிரை பெயர்ந்து வரும், வயலினில் ஒட்டிய இடங்கள் பிரியும்.

மாஸ்டரிடம் முதல் நாள் போகும்போது வாத்தியத்தோடு எடுத்துப் போக வேண்டியவை: உங்கள் கடைசி மூன்று ஞாயிற்றுக்கிழமை வீடியோக்கள், கார்டு மாற்றம் எழுதிய நோட்டு, எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதிய ஒரு துண்டுத்தாள். உள்ளே நுழைந்ததும் நன்றாக வாசிக்கத் தெரிந்த பாட்டை வாசித்துக் காட்டாதீர்கள். வராத பாட்டை வாசியுங்கள்.